அட்டை இருந்தும் ஆவணமற்றோர்: ஆப்கான் அகதிகளின் பதிவும் சட்ட நிலையும்

பாகிஸ்தானில் பிறந்து வளர்ந்த ஆப்கானியர்களின் கையில் அந்நாட்டு அரசே கொடுத்த அட்டை இருக்கும்போது அவர்களை எப்படி வெளியேற்ற முடிகிறது என்றும், தில்லியில் வாழும் ஆப்கானியர்களிடம் ஐ.நா. அட்டை இருக்கிறதே, அது போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விக்கும் விடையின் வேர் ஒன்றுதான். ஒருவரைப் பதிவு செய்வது வேறு, அவருக்குச் சட்டத்தில் ஓர் இடம் கொடுப்பது வேறு. ஆப்கான் அகதிகள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எண்ணப்பட்டிருக்கிறார்கள், படம் எடுக்கப்பட்டிருக்கிறார்கள், கைரேகையும் கருவிழியும் பதியப்பட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை அவர்களுக்குக் கொடுத்தது தவணைதான். தவணை முடிந்த மறுநாள் அதே பதிவேடு யாரை எங்கே போய்ப் பிடிக்கலாம் என்று காட்டும் பட்டியலாகிவிட முடியும் என்பதை 2023-க்குப் பிறகு நாம் கண்கூடாகப் பார்த்துவிட்டோம்.

சிக்கல் அகதியாவதற்கு முன்பே, சொந்த நாட்டின் ஆவணத்திலேயே தொடங்குகிறது என்பதால் அங்கிருந்தே சொல்கிறேன். ஆப்கானிஸ்தானின் அடிப்படை அடையாள ஆவணம் ‘தஸ்கிரா’. பழைய தஸ்கிரா ஒரு காகிதத் தாள். புகைப்படம் ஒட்டி, முத்திரை குத்தி, பெயர், தந்தை பெயர், பாட்டனார் பெயர், ஊர், மாவட்டம் ஆகியவற்றைக் கையால் எழுதித் தருவார்கள். கூடவே மூலப் பதிவேட்டின் தொகுதி எண், பக்க எண், பதிவு எண் ஆகியவை இருக்கும். அந்த எண்களை வைத்துத்தான் தாள் மெய்யானதா என்று சரிபார்க்க முடியும். பிறந்த தேதிக்கான இடத்தில் பெரும்பாலும் தேதி இருக்காது. ‘1385-ஆம் ஆண்டில் வயது 25’ என்கிற மாதிரி, பதிவு செய்த ஆண்டில் முகத்தைப் பார்த்து மதிப்பிட்ட வயதே இருக்கும்.

இந்த ஒரு வரி எத்தனை தொல்லை தரும் என்று பாருங்கள். 1385-இல் 25 வயது என்றால், ஆப்கான் நாட்காட்டியான சூரிய ஹிஜ்ரிப்படி 1360-இல் பிறந்தவர். அந்த ஆண்டு 1981 மார்ச் 21-இல் தொடங்கி 1982 மார்ச் 20-இல் முடிகிறது. வெளிநாட்டு அதிகாரியின் கணினிப் படிவத்துக்கு நாளும் மாதமும் வேண்டும். எனவே அவர் 1981 ஜனவரி 1 என்று போடுவார். ஆனால் அந்த நாள் ஆப்கான் நாட்காட்டியில் 1359-ஐச் சேர்ந்தது. பிறகு வேறொரு நாட்டில் வேறோர் அதிகாரி 1982 என்று கணக்குப் போட்டால், ஒரே மனிதருக்கு இரண்டு பிறந்த ஆண்டுகள் கிடைத்துவிடும். ஆப்கான் அகதிகளில் ஜனவரி முதல் தேதி பிறந்தவர்கள் இத்தனை பேரா என்று வியக்கிறவர்கள் உண்டு. காரணம் இந்தக் கணக்குதான். வயது பதினெட்டைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. 2015-இல் பெற்றோர் துணையின்றி ஸ்வீடனில் புகலிடம் கேட்ட சிறார் சுமார் 35,000 பேர்; அவர்களில் பெரும்பகுதியினர் ஆப்கானியர். சிறுவன் என்று ஏற்றுக்கொண்டால் ஒரு சட்டம், பெரியவன் என்று முடிவெடுத்தால் இன்னொரு சட்டம் என்ற நிலையில், வயதை நிறுவ ஆவணம் இல்லாத காரணத்தால் கடைவாய்ப் பல்லையும் முழங்கால் எலும்பையும் படம் பிடித்து வயதைக் கணிக்கும் முறையை அந்நாடு 2017-இல் கொண்டுவந்தது.

பெயரும் அப்படித்தான். கிராமத்து ஆப்கானியர் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயரும் தந்தை பெயருமே அடையாளம். முதலெழுத்தோடு எழுதும் நம் பெயரைப் பாஸ்போர்ட்டில் விரித்தெழுதித் திண்டாடியவர்களுக்கு இந்தக் கஷ்டம் சொல்லாமலே புரியும். ‘முஹம்மது’ என்பதை ஒரு ஆவணத்தில் ஒரு எழுத்துக்கூட்டிலும் இன்னொன்றில் வேறு எழுத்துக்கூட்டிலும் எழுதியிருந்தால், அது இரண்டு ஆட்கள் என்று கொள்ளும் கணினியின் முன் அவர்தான் இவர் என்று நிரூபிக்கும் சுமை அகதியின் தலையில் விழுகிறது.

தஸ்கிராவின் இன்னொரு குணம், அது தந்தை வழியில் ஓடுவது. தந்தையின் அல்லது தந்தைவழி உறவினரின் தஸ்கிராவைக் காட்டியே பிள்ளைக்குத் தஸ்கிரா பெறுவது வழக்கம். ஆணின் பெயரைச் சொன்னால் போதும், பெண்ணுக்குத் தனி ஆவணம் எதற்கு என்ற எண்ணத்தில் வளர்ந்த குடும்பங்களில் தாய்க்கும் மகளுக்கும் தஸ்கிராவே இருக்காது. கணவன் போரில் இறந்து, மைத்துனர்கள் ஒத்துழைக்க மறுத்தால், கைம்பெண்ணின் பிள்ளைகள் பதிவின்றியே நின்றுவிடுவார்கள். ஹெராத்தைச் சேர்ந்த லாலே உஸ்மானி முதலியோர் தொடங்கிய ‘என் பெயர் எங்கே’ இயக்கத்தின் விளைவாக, அடையாள அட்டையில் தாயின் பெயரையும் சேர்க்கும் சட்டத் திருத்தத்துக்கு அன்றைய ஆப்கான் அதிபர் அஷ்ரஃப் கனி 2020 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்ததும் அந்த அரசே இல்லாமற் போனது. 2018-இல் தொடங்கிய மின்னணு தஸ்கிரா பழைய தாளைவிடப் பல மடங்கு மேல். ஆனால் அதற்கு முன்பே நாட்டை விட்டு வெளியேறியவர்களிடமும், வெளிநாட்டில் பிறந்தவர்களிடமும் அது பெரும்பாலும் இருப்பதில்லை. ஜோகி போன்ற அலைகுடிச் சமூகங்களுக்குச் சொந்த நாட்டிலேயே தஸ்கிரா எட்டாமல் இருந்ததையும் இங்கே சொல்லவேண்டும். இவர்கள் எல்லை தாண்டும்போது, தான் எந்த நாட்டுக் குடிமகன் என்று காட்டக்கூட எதுவும் இல்லாதவர்களாகவே தாண்டுகிறார்கள்.

இனிப் பாகிஸ்தானுக்கு வருகிறேன். 1979 சோவியத் படையெடுப்புக்குப் பின் லட்சக்கணக்கில் வந்தவர்களை அந்நாடு ஏற்றது. முகாம்களில் குடும்பத் தலைவர் பெயரில் ரேஷன் புத்தகம் கொடுத்தது. ஆனால் 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலோ 1967 நெறிமுறையிலோ பாகிஸ்தான் கையெழுத்திடவில்லை. தனக்கென்று அகதிகள் சட்டமும் இயற்றவில்லை. ஆகவே அந்நாட்டுச் சட்டப் புத்தகத்தில் ஆப்கான் அகதிக்குப் பொருந்துவது பிரிட்டிஷ் ஆட்சி விட்டுச்சென்ற 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம்தான். அரசு எத்தனை அட்டை கொடுத்தாலும் அவையெல்லாம் அந்தச் சட்டத்திலிருந்து தற்காலிகமாகக் கொடுத்த விலக்கு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பிறகு நடந்த எல்லாம் புரியும்.

2005-இல் பாகிஸ்தான் தன் மண்ணில் உள்ள ஆப்கானியரைக் கணக்கெடுத்தது. 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எண்ணப்பட்டார்கள். அந்தக் கணக்கில் வந்தவர்களுக்கு மட்டும் 2006 அக்டோபர் முதல் 2007 பிப்ரவரி வரை தேசியத் தரவுத்தள நிறுவனமான நாட்ரா பதிவு நடத்தியது. அதில் பதிந்த சுமார் 21.5 லட்சம் பேருக்குக் கிடைத்ததுதான் ‘பி.ஓ.ஆர்.’ என்ற பதிவுச் சான்று அட்டை. கணக்கெடுப்பு நடந்தபோது செங்கல் சூளையிலோ வேறு மாகாணத்திலோ வேலைக்குப் போயிருந்தவர், பயத்தில் கதவைத் திறக்காதவர், பின்னால் வந்தவர் ஆகியோருக்கு அந்த வாசல் அடைபட்டுவிட்டது. ஒரே குடும்பத்தில் அண்ணனிடம் அட்டை, தம்பியிடம் ஒன்றுமில்லை என்ற நிலை அப்போதே தொடங்கியது.

அந்த அட்டை தன்னை வைத்திருப்பவரை என்னவென்று சொல்கிறது என்பதைக் கவனியுங்கள்: பாகிஸ்தானில் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஆப்கான் குடிமகன். அகதி என்ற நிலை அதில் இல்லை. பெஷாவரில் பிறந்து, பெஷாவரிலேயே மணமுடித்து, அங்கேயே பேரப்பிள்ளை எடுத்தவரும் அட்டைப்படி தற்காலிகவாசிதான். முதலில் 2009 டிசம்பர் வரை செல்லும் என்றார்கள். பிறகு நீட்டிப்பு மேல் நீட்டிப்பு. சில சமயம் இரண்டு மூன்று ஆண்டு, சில சமயம் ஆறு மாதம். 2018 ஜனவரியில் பாகிஸ்தான் அமைச்சரவை கொடுத்தது வெறும் 30 நாள், அதன்பின் 60 நாள். நீட்டிப்பு அறிவிக்கப்பட்டாலும் அட்டையில் அச்சிட்ட தேதி பழையதாகவே இருக்கும். சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர் பார்ப்பது அட்டையை. அமைச்சரவையின் அறிவிப்பு அவர் கையில் இருக்காது. அறிவிப்பின் நகலைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு நடமாட வேண்டிய, இல்லையென்றால் கையூட்டுக் கொடுத்து நகர வேண்டிய வாழ்க்கையை ஒரு தலைமுறை முழுதும் வாழ்ந்தது. அட்டையைக் காட்டி வங்கிக் கணக்குத் திறக்கலாம் என்ற அனுமதியே 2019-இல்தான், முதல் அட்டை கொடுத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகுதான், வந்தது.

பதிவில் விடுபட்டவர்களுக்காக 2017-இல் ‘ஆப்கான் குடிமக்கள் அட்டை’ என்ற இரண்டாம் வகை வந்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பெற்றார்கள். இது பி.ஓ.ஆர். அட்டையைவிடத் தாழ்ந்த நிலை. அதை வைத்திருப்பவர் ஆப்கான் பாஸ்போர்ட் வாங்கி, விசாவோடு முறையாகத் திரும்பி வரும்வரைக்கான இடைக்கால ஏற்பாடு என்பதே அரசின் கணக்கு. மூன்றாவதாக, 2021-க்குப் பின் ஓடிவந்தவர்கள். அவர்களுக்கு அரசு அட்டை எதுவும் கிடைக்கவில்லை, ஐ.நா. அகதிகள் உயர் ஆணையத்தின் பங்காளி அமைப்பு கொடுத்த டோக்கன் சீட்டோ புகலிடக் கோரிக்கைச் சான்றிதழோதான் கையில் இருந்தது. பெஷாவர், குவெட்டா, இஸ்லாமாபாத் தெருக்களில் இந்த மூன்று வகையினரும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்தார்கள். சட்டத்தின் பார்வையில் மூன்று வெவ்வேறு படிகளில் இருந்தார்கள்.

வெளியேற்றம் அந்தப் படிகளின்படியே கீழிருந்து மேலாக நடந்தது. 2023 அக்டோபர் 3 அன்று, ஆவணமற்ற வெளிநாட்டினர் அனைவரும் நவம்பர் 1-க்குள் வெளியேற வேண்டும் என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் தோர்க்கம், சமன் எல்லைகளைக் கடந்து போனார்கள். அடுத்து, குடிமக்கள் அட்டைக்காரர்களுக்கு 2025 மார்ச் 31 கெடு. கடைசியாக, பி.ஓ.ஆர். அட்டைகளை 2025 ஜூன் 30-க்கு மேல் நீட்டிக்கவில்லை. செப்டம்பர் 1 முதல் அவர்களையும் அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு நாள் முன்புவரை சட்டப்படித் தங்கியிருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், தாங்கள் எதுவும் செய்யாமலே, ஒரு நீட்டிப்பு ஆணை வராத காரணத்தால் மட்டும், சட்டவிரோதமாகத் தங்கியவர்கள் ஆனார்கள். 2021-22-இல் 13 லட்சம் பேரின் கைரேகையையும் கருவிழியையும் புதிதாக எடுத்துப் புது அட்டை கொடுத்தபோது, பாதுகாப்பு கூடுகிறது என்று நம்பி வரிசையில் நின்றவர்கள் இவர்கள். நேர்மையாகப் பதிந்துகொண்டவர்களின் முகவரிதான் அரசிடம் மிகத் தெளிவாக இருந்தது என்பதை என்னால் எளிதில் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அப்படியானால் அங்கேயே பிறந்தவர்களின் குடியுரிமை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பாகிஸ்தான் குடியுரிமைச் சட்டம், 1951, பிரிவு 4, அந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன் என்று, சில விலக்குகளோடு, வெளிப்படையாகவே சொல்கிறது. ஆப்கான் அகதிகளின் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது என்பதே அரசு நிர்வாகத்தின் நிலைப்பாடு. 2018 செப்டம்பரில் பிரதமர் இம்ரான் கான், இங்கே பிறந்த ஆப்கான் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கொடுப்போம் என்று கராச்சியில் அறிவித்தார். எதிர்ப்பு கிளம்பியதும் அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது. மணவழி உரிமையும் ஒருதலையானது. அதே சட்டத்தின் பிரிவு 10, பாகிஸ்தானிய ஆணை மணந்த வெளிநாட்டுப் பெண்ணுக்குக் குடியுரிமை பெற வழி வைத்திருக்கிறது. பாகிஸ்தானியப் பெண்ணை மணந்த ஆப்கான் ஆணுக்கு வைக்கவில்லை.

முறையான வழி எல்லாம் அடைபட்டிருக்கும்போது மக்கள் முறையற்ற வழியைத் தேடுவார்கள். பச்சைக் கண் கொண்ட அந்த அகதிச் சிறுமியின் படத்தை நேஷனல் ஜியோகிராஃபிக் இதழின் 1985 அட்டையில் உலகமே பார்த்தது. அந்த ஷர்பத் குலா 2016 அக்டோபரில் பெஷாவரில் கைது செய்யப்பட்டார். குற்றம், தவறான தகவல் கொடுத்துப் பாகிஸ்தானியக் கணினி அடையாள அட்டை பெற்றது. பதினைந்து நாள் சிறை, அபராதம், பிறகு நாடுகடத்தல். காபூல் மீண்டும் விழுந்த பின் 2021-இல் இத்தாலி அவருக்குப் புகலிடம் கொடுத்தது. உலகில் மிக அதிகமாகப் பார்க்கப்பட்ட முகங்களில் ஒன்றுக்குச் சொந்தக்காரர், தான் யார் என்று ஓர் அலுவலக மேசையில் நிறுவ முடியாமல் வேறொருவராகப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. இதன் மறுபக்கத்தையும் பாருங்கள்: போலிகளைக் களைகிறோம் என்ற பெயரில் நாட்ரா லட்சக்கணக்கான அடையாள அட்டைகளை முடக்கியபோது, உண்மையான பாகிஸ்தானியப் பஷ்தூன்களும் சிக்கினார்கள். செனட் உறுப்பினராக இருந்த ஹாஃபிஸ் ஹம்துல்லாவையே 2019-இல் வெளிநாட்டவர் என்று அறிவித்துவிட்டு, நீதிமன்றம் தலையிட்ட பிறகே பின்வாங்க நேர்ந்தது.

ஈரானின் கதையில் சட்டம் வேறு, முடிவு ஒன்று. ஈரான் 1976-லேயே அகதிகள் உடன்படிக்கையில் சேர்ந்தது. ஆனால் வேலை செய்யும் உரிமை, நடமாடும் உரிமை போன்றவற்றில் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளாமல் விலக்குப் பெற்றே சேர்ந்தது. 1980-களில் வந்தவர்களுக்குக் காலவரையறை இல்லாத நீல அட்டை கிடைத்தது. 2003-இல் அந்த இடத்துக்கு ‘ஆமாயிஷ்’ என்ற பதிவு முறை வந்தது. சுற்றுச் சுற்றாகப் புதுப்பிக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், குறித்த மாகாணத்தை விட்டு அனுமதியின்றி வெளியே போகக்கூடாது, பட்டியலிட்ட உடலுழைப்பு வேலைகளை மட்டுமே செய்யலாம். ஒரு சுற்றைத் தவறவிட்டால் நிலை போய்விடும். மறுபடி உள்ளே வர வழியில்லை. சுமார் ஏழெட்டு லட்சம் பேர் அந்த வட்டத்துக்குள் இருந்தார்கள். வெளியே அதைவிடப் பல மடங்கு.

இதில் என் மனத்தை மிகவும் உறுத்துவது மாணவர்களின் நிலை. ஆமாயிஷ் அட்டையோடு பள்ளி முடித்த பெண்ணோ பையனோ பல்கலைக்கழகத்தில் சேர வேண்டுமானால், அகதி நிலையை விட்டுக்கொடுத்து, ஆப்கான் பாஸ்போர்ட் பெற்று, மாணவர் விசாவுக்கு மாற வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. பட்டம் வாங்கிய அன்று விசா முடியும்; பழைய நிலை திரும்பக் கிடைக்காது. படிப்பா, பெற்றோரோடு வாழும் உரிமையா என்று பதினெட்டு வயதில் தேர்ந்தெடுக்கச் சொன்ன ஏற்பாடு அது. நல்லதும் நடந்தது: ஆவணமற்ற ஆப்கான் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று 2015-இல் அந்நாட்டின் உச்சத் தலைவர் கமேனி ஆணையிட்டார், ஈரானியத் தாய்க்கும் வெளிநாட்டுத் தந்தைக்கும் பிறந்த பிள்ளைகள் குடியுரிமை கோரலாம் என்ற சட்டம் 2019-இல் வந்தது. 2022-இல் ஆவணமற்றோரைத் தலைக்கணக்கு எடுத்து, 26 லட்சம் ஆப்கானியருக்கு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டும் தவணைதான். 2025 மார்ச்சில் அதன் காலத்தை முடித்து, ஜூலை 6-க்குள் வெளியேறச் சொன்னார்கள். அந்த ஆண்டில் ஈரானிலிருந்து ஆப்கானிஸ்தான் திரும்பியவர்கள் 15 லட்சத்துக்கும் மேல்.

தில்லிக்கு வருவோம். லாஜ்பத் நகர், போகல், ஹவுஸ் ராணி, திலக் நகர் பகுதிகளில் வாழும் ஆப்கானியர்கள் சில ஆயிரங்கள்தான். ஆனால் ஆவணச் சிக்கல் சிறியதல்ல. இந்தியாவும் 1951 உடன்படிக்கையில் இல்லை. அகதிகள் சட்டமும் இல்லை. முன்பு 1946 சட்டம். 2025 செப்டம்பர் முதல் அதன் இடத்தில் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025. செல்லத்தக்க பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது புதிய சட்டம். இந்தச் சட்டத்தில் ‘அகதி’ என்ற தனி நிலை கிடையாது.

ஐ.நா. அகதிகள் உயர் ஆணையம் 1981 முதல் தில்லியில் இயங்குகிறது. அங்கே பதிந்தால் முதலில், விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்ற சான்றிதழ் தருவார்கள். பிறகு நேர்காணல். ஏற்றுக்கொண்டால் அகதி அட்டை. அந்த அட்டைக்கு மதிப்பு உண்டு: கைது நேரத்தில் காவலரிடம் காட்டலாம், அரசுப் பள்ளியிலும் அரசு மருத்துவமனையிலும் பெரும்பாலும் ஏற்பார்கள், ஆணையம் குறுக்கிட்டுப் பேச ஓர் அடிப்படை கிடைக்கும். ஆனால் இந்தியச் சட்டப்படி தங்கும் உரிமையை அது தராது. அந்த உரிமையைத் தரக்கூடியது வெளிநாட்டினர் பதிவு அலுவலகமான எஃப்.ஆர்.ஆர்.ஓ. மட்டுமே. உள்துறை அமைச்சகம் 2011 டிசம்பரில் வகுத்து 2019-இல் திருத்திய நடைமுறைப்படி, அகதி என்று கூறும் வெளிநாட்டவருக்கு நீண்டகால விசா பரிசீலிக்கலாம். கிடைத்தால் வாழ்க்கை மாறும். கிடைக்காதவருக்கு ஆதார் இல்லை, ஆதார் இல்லாததால் வங்கிக் கணக்கும் சிம் கார்டும் வாடகை ஒப்பந்தமும் ஒவ்வொன்றாகத் தடைபடும்.

இங்கும் படிகள் உண்டு. நீண்டகால விசாவில் இருக்கும் ஆப்கான் இந்துக்களுக்கும் சீக்கியர்களுக்கும் வங்கிக் கணக்கு, ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், குடியிருக்க வீடு வாங்குதல் ஆகியவற்றை 2016-லேயே அனுமதித்தார்கள். 2014 டிசம்பர் 31 வரை வந்தவர்களுக்குக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வழி வைத்தது; அதன் விதிகள் 2024 மார்ச்சில் வந்தன. 2020-இல் காபூல் குருத்வாராத் தாக்குதலுக்குப் பின்னும் 2021 வீழ்ச்சிக்குப் பின்னும் வந்த சீக்கியர்கள் அந்தத் தேதிக்கு அப்பால் நிற்கிறார்கள். 2025 செப்டம்பர் ஆணை, 2024 டிசம்பர் 31 வரை வந்த ஆறு சமயத்தாருக்கு ஆவணமின்றித் தங்கியதற்கான நடவடிக்கையிலிருந்து விலக்கு அளித்ததே தவிர, குடியுரிமைக்கான தேதியை மாற்றவில்லை. ஹஸாராக்கள் உள்ளிட்ட முஸ்லிம் ஆப்கானியர்களுக்கு இந்த இரண்டுமே கிடையாது. தமிழ்நாட்டில் மாநில அரசிடம் பதிந்து வாழும் இலங்கைத் தமிழர்களும் அந்தக் குடியுரிமைத் திருத்தத்தில் சேர்க்கப்படாதவர்கள்தான். மேற்சொன்ன 2025 ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழருக்கும் தங்குவதற்கான விலக்கை மட்டும் தந்திருக்கிறது. நாற்பதாண்டுப் பதிவு இருந்தும் சட்ட நிலை இல்லாமை என்பது நமக்கும் தூரத்துச் செய்தியல்ல.

தில்லிக் குடும்பங்களின் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது பாஸ்போர்ட் முட்டுக்கட்டை. விசா நீட்டிக்கச் செல்லத்தக்க பாஸ்போர்ட் வேண்டும் என்பார்கள். பாஸ்போர்ட் காலாவதியாகியிருக்கும். தில்லியில் இருந்த பழைய ஆப்கான் குடியரசின் தூதரகம் நிரந்தரமாக மூடப்படுவதாக 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. ஐரோப்பாவிலும் பிற இடங்களிலும் பழைய குடியரசின் தூதர்கள் நடத்திவந்த பல தூதரகங்களின் ஆவணங்களை இனி ஏற்பதில்லை என்று தாலிபான் வெளியுறவுத் துறை 2024 ஜூலையில் அறிவித்தது. எவரிடமிருந்து தப்பி வந்தாரோ அவரது அதிகாரிகளிடமே போய்ப் பாஸ்போர்ட் கேள் என்று அகதியிடம் சொல்வது பயமுறுத்தல் மட்டுமல்ல. சட்டச் சிக்கலும் கூட. தன் நாட்டின் பாதுகாப்பைத் தானே விரும்பி மீண்டும் பெற்றுக்கொண்டவரின் அகதி நிலை முடிவுக்கு வரலாம் என்கிறது 1951 உடன்படிக்கையின் பிரிவு 1. சொந்த நாட்டு அதிகாரியிடம் போக முடியாதவருக்குத் தேவையான சான்றுகளை அடைக்கலம் கொடுத்த நாடே தர வேண்டும் என்பது அதே உடன்படிக்கையின் பிரிவு 25. அடையாளத் தாள் தர வேண்டும் என்பது பிரிவு 27. பயண ஆவணம் தர வேண்டும் என்பது பிரிவு 28. கையெழுத்திட்ட நாடுகளில் அகதியாக ஏற்கப்பட்டவர் இவற்றைக் கேட்டுப் பெறலாம். கையெழுத்திடாத நாடுகளில் கெஞ்சித்தான் பெற வேண்டும். கனடாவோ ஆஸ்திரேலியாவோ மறுகுடியமர்வுக்கு ஏற்றுக்கொண்ட பின்பும், இந்தியாவை விட்டு வெளியேற எஃப்.ஆர்.ஆர்.ஓ.-வின் வெளியேறும் அனுமதி வேண்டும். விசா தாண்டித் தங்கிய காலத்துக்கு அபராதம் கேட்டால் பயணமே தள்ளிப்போகும்.

ஆவணம் இருந்தாலே நல்லது என்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் காபூலில் பலர் தங்கள் பணிச் சான்றிதழ்களையும் வெளிநாட்டுப் படைகளின் பாராட்டுக் கடிதங்களையும் எரித்தார்கள்; அதே காகிதங்கள்தான் பின்னர் அமெரிக்க, பிரிட்டிஷ் புகலிடத் திட்டங்களுக்குச் சான்றாகத் தேவைப்பட்டன. பிரிட்டனுக்கு வர விண்ணப்பித்த ஏறத்தாழ 19,000 ஆப்கானியரின் விவரங்கள் 2022-இல் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து தவறுதலாக வெளியே போனது, நீதிமன்றத் தடை நீங்கிய 2025 ஜூலையில்தான் உலகுக்குத் தெரிந்தது. எனவே யாரிடம் பதிகிறோம், அந்தத் தரவு யாருக்குப் போகும் என்று ஓர் அகதி கேட்டால், அது அநாவசியச் சந்தேகம் அல்ல.

உங்களுக்குத் தெரிந்த ஆப்கான் குடும்பம் இருந்தால், உடனடியாகப் பலன் தரும் ஒன்றைச் சொல்கிறேன். இந்தியாவில் பிறக்கும் எந்தக் குழந்தையின் பிறப்பையும், பெற்றோரின் குடியுரிமை எதுவாயினும், 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பதியலாம். பிறந்து 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. தாமதம் கூடக்கூட மேலதிகாரியின் அனுமதி, உறுதிமொழிப் பத்திரம் என்று வேலை ஏறும். மருத்துவமனையில் சேரும்போதே தாயின் பெயரையும் தந்தையின் பெயரையும் ஐ.நா. அட்டையில் உள்ள அதே எழுத்துக்கூட்டில் எழுதச் சொல்லுங்கள். பின்னாளில் பள்ளி, விசா, மறுகுடியமர்வு என்று எல்லா இடத்திலும் ஒப்பிட்டுப் பார்ப்பது அதைத்தான். பிறப்புச் சான்றிதழ் குடியுரிமை தராது. ஆனால் பிறந்த நாள், பிறந்த இடம், தாய், தந்தை ஆகிய நான்கையும் ஓர் அரசு முத்திரையோடு சொல்லும் ஆவணம் அந்தக் குடும்பத்தில் அநேகமாக அது ஒன்றாகத்தான் இருக்கும். பழைய தஸ்கிரா கையில் இருந்தால், நைந்து கிழிவதற்கு முன் இரு பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுத்து, தொகுதி, பக்க, பதிவு எண்களைத் தனியே எழுதி, நாட்டுக்கு வெளியே இருக்கும் நம்பகமான உறவினர் ஒருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். எஃப்.ஆர்.ஆர்.ஓ. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் அதன் ஒப்புகைச் சீட்டைத் தூக்கி எறிய வேண்டாம். அரசியலமைப்பின் 14, 21 ஆகிய பிரிவுகள் குடிமக்களுக்கு மட்டுமன்றி எல்லா மனிதருக்கும் உரியவை என்பதால் உயர் நீதிமன்றத்தை நாடும் வழி திறந்தே இருக்கிறது. தான் ஒளிந்து வாழவில்லை, முறைப்படி கேட்டுக்கொண்டே இருந்தார் என்று அங்கே காட்ட அந்தச் சீட்டுகள்தான் உதவும்.